“ஒன்றுமில்லை” என்றால் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது?

“ஒன்றுமில்லை. எல்லாம் நார்மல். பெண்ணுக்குப் பயந்த சுபாவம். மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.”

இந்த நாலு வாக்கியத்துக்கு ஒரு தாய் கொடுத்த விலை 1,800 ரூபாய். அவளுக்கு அது ஆறு நாள் நடவுக் கூலி. அதற்கு முந்திய வாரம் கோடாங்கிக்குக் கொடுத்தது 700 ரூபாயும் ஒரு சேவலும். கோடாங்கி உடுக்கையை அடித்துவிட்டுச் சொன்னான்: “பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கு. புளியமரத்தடியிலே நடந்திருக்கு.” ஆக, படித்த டாக்டரும் படிக்காத கோடாங்கியும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள்: பெண் பயந்திருக்கிறாள்! கோடாங்கியாவது பயத்துக்குக் காரணமாக ஒரு புளியமரத்தைக் காட்டினான். டாக்டர் அதையும் காட்டவில்லை.

பெண்ணுக்கு வயது 19. பிளஸ் டூ முடித்த கையோடு திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஒன்றுக்குப் போனவள். ஆலைக்குள்ளேயே விடுதி, விடுதியிலேயே சாப்பாடு. மூன்று வருஷம் முடித்தால் மொத்தமாக ஒரு தொகை என்று ஏஜெண்டு சொல்லி அழைத்துப் போனான். 26 மாதம் வேலை பார்த்தாள். பொங்கலுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. நடுராத்திரியில் திடுக்கென்று எழுந்து உட்காருகிறாள். நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்கிறது, கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. “அம்மா, நான் செத்துப் போயிருவேன்” என்று அழுகிறாள். பத்து, பதினைந்து நிமிஷத்தில் அது அடங்குகிறது. அடங்கிய பிறகு அவள் தூங்குவதில்லை, அது மறுபடி வருமே என்ற பயம்.

தாய் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பழைய உறுப்பினர். முதலில் என்னிடம்தான் வந்தாள். “தோழர், பிள்ளைக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதாம். என்ன ஏதுன்னு தெரியலை.” நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “வயசுப் பிள்ளை, ஊரைவிட்டு ஊர் போன ஏக்கமா இருக்கும்மா. நாலு நாள் வீட்டிலே இருந்தா சரியாயிரும்.” கூலி உயர்வு மாநாட்டு நோட்டீஸை அச்சாபீசுக்கு அனுப்பும் அவசரத்தில் இருந்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். போனவள் கோடாங்கியிடம் போனாள், அப்புறம் அந்த 1,800 ரூபாய் டாக்டரிடம் போனாள். மூன்றாம் பேராக நின்று நானும் “ஒன்றுமில்லை” என்றுதான் சொல்லியிருக்கிறேன். கோடாங்கியைக் கேலி செய்யும் யோக்கியதை எனக்கு எவ்வளவு உண்டு என்பதைத் தோழர்கள் தீர்மானித்துக்கொள்ளலாம்.

ஒரு மாதம் கழித்து மகளையே கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்குத்தான் பெஞ்சில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கேட்க வேண்டியதைக் கேட்டேன். வைத்தியம் எதுவும் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியாது. சங்கத்துக்காரன் கேட்கிற கேள்விகளைத்தான் கேட்டேன். என்ன வேலை? எத்தனை மணி நேரம்? எந்த ஷிப்ட்? எப்போது சாப்பாடு? எப்போது தூக்கம்?

தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். ரிங் பிரேமில் சைடு பார்க்கிற வேலை. ஒரு பிரேமில் ஆயிரம் கதிருக்கு மேல் சுழலும். இழை அறுந்த இடத்துக்கெல்லாம் ஓடி ஒட்டவேண்டும். ஓட்டமும் நடையுமாக ஒரு ஷிப்டில் எத்தனை கிலோமீட்டர் போகிறதோ, எவர் அளந்தார்? ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட்டு, ஒரு வாரம் முழு நைட்டு. ஆள் குறைந்தால் ஷிப்ட் முடிந்தபிறகும் நாலு மணி நேரம். பகலில் விடுதியில் தூங்கப் போனால் ஒரே அறையில் மூன்று ஷிப்டுக்காரிகள், ஒருத்தி வர ஒருத்தி போக. காலைப் பலகாரம் வேண்டாம் என்று தூங்குவாள், எழுந்ததும் டீ. ராத்திரி தூக்கம் வராமலிருக்க மறுபடி டீ. கக்கூசுக்குப் போனால் மேஸ்திரி வாசலில் நின்று செல்போனில் மணி பார்ப்பான். மாதவிலக்கு நாளில் வயிறு வலித்தால் சூப்பர்வைசர் மேஜை டிராயரிலிருந்து மாத்திரை கொடுப்பான். என்ன மாத்திரை? “தெரியாது. பேப்பர்லே மடிச்சுக் குடுப்பாக. போட்டா வலி நின்னுரும். சைடுக்குப் போயிரலாம்.”

டாக்டர் இதையெல்லாம் கேட்டாரா என்றேன். “பேரு, வயசு கேட்டாரு. கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டாரு.”

மறுநாள் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வரிசையில் நின்று முறை வந்தபோது, அவள் சொன்னதை எல்லாம் ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அங்கிருந்த பெண் டாக்டர் அதை முழுக்கப் படித்தார். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நாடியை எண்ணினார். சும்மா உட்கார்ந்திருக்கிற நிலையில் நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை இருக்க வேண்டிய துடிப்பு அவளுக்கு 118. ரத்தம் சோதித்தார்கள். 12 கிராமுக்குக் குறையக்கூடாத ஹீமோகுளோபின் 7.8. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 8-க்குக் கீழே போனால் அது கடுமையான ரத்தசோகை. “ஒன்றுமில்லை” என்றார்களே, அந்த ஒன்றுமில்லாதது இதுதான்!

ரத்தம் உடம்புக்கு மூச்சுக்காற்றைச் சுமந்து போகிற கூலியாள். பத்து ஆள் தூக்க வேண்டிய சுமைக்கு ஆறு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் என்ன செய்வார்கள்? அந்த ஆறு பேரும் ஓடி ஓடி நடையைக் கூட்டுவார்கள். இதயமும் அதைத்தான் செய்கிறது. நிமிஷத்துக்கு 72 நடை போதாதென்று 118 நடை போகிறது. ஆலையில் ஆளைக் குறைத்து சைடைக் கூட்டுகிறானே முதலாளி, அதே கொடுமை அவள் நெஞ்சுக்குள்ளும் நடந்திருக்கிறது. இதைப் “பயந்த சுபாவம்” என்று எழுதி அனுப்பினார் ஒரு படித்த மனிதர்!

ஈ.சி.ஜி. நன்றாக இருந்ததே என்று கேட்கலாம். ஈ.சி.ஜி. என்பது பத்து வினாடிக் கணக்கு. பகல் பதினொரு மணிக்குப் பத்து வினாடி எடுத்த காகிதம், ராத்திரி இரண்டு மணிக்கு அவளுக்கு என்ன நேர்ந்தது என்று எப்படிச் சொல்லும்? துடிப்பு வேகமாக இருந்தாலும் ஒழுங்காக இருக்கிறது என்று அது சொல்லும். அது நல்ல சேதிதான். ஆனால் இதயம் ஏன் ஓடுகிறது என்று அது சொல்லாது. ஓடுகிறவனை நிறுத்தி “உனக்குக் கால் நன்றாக இருக்கிறது” என்று சர்டிபிகேட் கொடுத்த மாதிரி. அவனைத் துரத்துவது யார் என்று கேட்கவேண்டாமா?

இதைக் கேட்கச் சொன்ன வைத்தியர் ஒருவர் முந்நூறு வருஷத்துக்கு முன்பே இருந்தார். இத்தாலி தேசத்து மொடேனா நகரத்தில் ராமாஸினி என்று பெயர். அவர் வீட்டு மலக்குழியைத் தோண்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவன் மிரண்டவனைப் போல அவசர அவசரமாக வேலை செய்வதைக் கண்டு, ஏனப்பா இந்த ஓட்டம், மெதுவாகச் செய்யேன் என்றாராம். இதற்குள்ளே நேரம் கழிந்தால் கண் போய்விடும் ஐயா, அதனால்தான் ஓடுகிறேன் என்றான் அவன். ராமாஸினி அதோடு விடவில்லை. ஊரில் பிச்சையெடுத்த குருடர்களில் எத்தனை பேர் மலக்குழித் தொழிலாளிகள் என்று பார்த்தார். குயவன், கொல்லன், நெசவாளி, சுரங்கத்தான் என்று தொழில் தொழிலாகப் போய்ப் பார்த்து 1700-ல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். நோயாளியிடம் வைத்தியர் கேட்கும் பழைய கேள்விகளோடு ஒரு கேள்வியைக் கூட்டிக் கேளுங்கள் என்றார்: “உனக்கு என்ன தொழில்?” ஒரே கேள்வி, காசு செலவில்லாத கேள்வி. பளிங்குத் தரை போட்ட ஆஸ்பத்திரியில், ஐந்தாறு மெஷின் வைத்திருக்கிற இடத்தில், அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை!

காரணம் தெரியாத படபடப்பு என்று வாலிபர்களுக்குப் பட்டம் கட்டுவது புதிதும் அல்ல. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தது. அதில் இருபது, இருபத்திரண்டு வயதுச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, தூக்கமின்மை. பிலடெல்பியாவில் டகோஸ்டா என்ற டாக்டர் அப்படி முந்நூறு பேருக்கு மேல் பார்த்து 1871-ல் எழுதினார். இதயத்தில் புண் இல்லை, ஓட்டை இல்லை. ஆனால் ஓய்வில்லாத நடை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, யுத்தமுனை ஆகிய இவற்றையெல்லாம் தாண்டி வந்தவர்கள். “சிப்பாய் இதயம்” என்று அதற்குப் பேர் வந்தது. 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டபோது பிரிட்டிஷ் பட்டாளத்திலும் ஆயிரக்கணக்கான வாலிபர்கள் இதே படபடப்போடு வந்து விழுந்தார்கள். அப்போது மேலிடத்துக்கு வந்த கவலை என்ன? இவர்களில் எத்தனை பேரைத் தேற்றி மறுபடி முனைக்கு அனுப்பலாம், எத்தனை பேருக்குப் பென்ஷன் கொடுத்துத் தொலைக்க வேண்டும் என்பதுதான். பையன்களின் இதயத்துக்கு எத்தனையோ பெயர் வைத்தார்கள். பையன்களைப் பதுங்குகுழிக்குள் அடைத்தவர்களுக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை.

பட்டாளம் இருக்கட்டும், ஆலைக்கு வருவோம். நம் கோடாங்கியும் அவன் சேவலும் கிராமத்து மூடத்தனம் என்று நினைப்பவர்கள் ஒரு சங்கதியைக் கேட்கவேண்டும். 1978-ல் மலேசியாவில் சுங்கை வே என்ற இடத்தில் அமெரிக்கக் கம்பெனியின் எலெக்ட்ரானிக்ஸ் ஆலை ஒன்று. கிராமத்திலிருந்து வந்த மலாய்ப் பெண்கள் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பொருத்திக்கொண்டு நுண்ணிய சாமான்களைப் பூட்டுகிற வேலை. ஒருநாள் ஒருத்திக்குப் பேய் வந்து கத்தினாள். அடுத்தவளுக்கு வந்தது. 120 பெண்கள் வரை அலறினார்கள். மூன்று நாள் ஆலையை மூடவேண்டியதாயிற்று. நவநாகரிகக் கம்பெனி என்ன செய்தது? வேகத்தைக் குறைத்ததா? கண்ணுக்கு ஓய்வு கொடுத்ததா? மந்திரவாதியை அழைத்து ஆலை வளாகத்திலேயே ஆட்டை வெட்டிப் பலி கொடுத்தது! ஓங் என்ற பெண் ஆராய்ச்சியாளர் 1980-களில் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். விஞ்ஞானத்தின் சிகரத்தில் நிற்கும் முதலாளிக்கும் கோடாங்கி தேவைப்படுகிறான். ஏனென்றால் ஆட்டின் விலை கூலி உயர்வைவிடக் குறைவு.

இப்போது ஆடு வெட்டுவதில்லை. யோகா வகுப்பு! நம் பெண் வேலை பார்த்த ஆலையிலும் மாதத்துக்கொரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மாள் காரில் வந்து “மன அழுத்தத்தை வெல்வது எப்படி” என்று வகுப்பெடுத்தாராம். மூச்சை மெள்ள இழு, மெள்ள விடு. மூச்சுப் பயிற்சி நல்லதுதான், படபடப்பு வரும் நேரத்தில் அது உதவவும் செய்கிறது, ஆஸ்பத்திரி டாக்டரும் அதைச் சொல்லிக் கொடுத்தார். நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் பஞ்சுத் தூசி பறக்கிற கூடத்தில் எட்டு மணி நேரம் நிற்கவைத்து, அதற்கு மேல் நாலு மணி நேரம் இழுத்துவிட்டு, வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளையும் பிடுங்கி, “மூச்சை மெள்ள விடு” என்றால் அது என்ன நியாயம்? மூச்சு விடவிடாத கை எதுவோ, அதே கை மூச்சுப் பயிற்சி மாஸ்டருக்குச் சம்பளம் கொடுக்கிறது.

பெயர் தெரியாத அந்த மாத்திரை விவகாரமும் ஒரே ஆலையின் கதை அல்ல. 2019-ல் அயல்நாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்று தமிழ்நாட்டுத் தையல் ஆலைப் பெண்கள் சுமார் நூறு பேரை விசாரித்தது. மாதவிலக்கு வலிக்கு லேபில் இல்லாத மாத்திரையைச் சூப்பர்வைசர் கையால் வாங்கித் தின்றதாக அத்தனை பேரும் சொன்னார்கள். பாதிப்பேருக்கு மேல் உடம்பு கெட்டதென்றும் சொன்னார்கள். வலி நிவாரணி மாத்திரைகளில் பலவற்றை வெறும் வயிற்றில் மாதக்கணக்காகத் தின்றால் குடல் புண்ணாகும், புண்ணிலிருந்து ரத்தம் கசியும், ரத்தம் குறையும், நெஞ்சு ஓடும். இளைப்புக்கும் வீசிங்குக்கும் கொடுக்கிற மாத்திரைகளில் சிலது நேராகவே படபடப்பையும் கை நடுக்கத்தையும் கொடுக்கும். பஞ்சுத் தூசியில் நெஞ்சு இறுகுகிற ஆலைத் தோழர்கள் அந்த மாத்திரையைத் தின்றுவிட்டு, “இப்போ இதயமும் போச்சு” என்று கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே எந்த மாத்திரையானாலும் உறையோடு வாங்குங்கள். உறையைத் தூக்கியெறியாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வயல் வேலைக்காரர்கள் இதை ஆலைக் கதை என்று தள்ளிவிடக்கூடாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று சர்க்காரே 2019-21-ல் எடுத்த குடும்ப நலக் கணக்கு சொல்கிறது. ரேஷன் அரிசிச் சோறும் ரசமும் தின்று, வீட்டில் மீனோ முட்டையோ வந்தால் ஆண்களுக்கு வைத்துவிட்டு, வெறுங்காலோடு சேற்றில் இறங்கி நடவு நடுகிறவள் ரத்தத்தைக் கொக்கிப்புழுவும் உறிஞ்சுகிறது. அது காலடித் தோல் வழியாகவே உடம்புக்குள் ஏறிவிடும். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் களை வெட்டினாலும் துடிப்பு ஏறும். ஆலைப் பெண்ணின் தாயைக் கூடவே சோதிக்கச் சொன்னேன். அவளுக்கு 9.1. “எனக்கு எப்பவுமே அப்படித்தான் தோழர் அடிச்சுக்கும். நாங்க அதைச் சொல்றதில்லை” என்றாள்.

நிற்க. ரத்தசோகையோடு கதை முடிந்துவிட்டது என்று நான் சொன்னால் அதுவும் ஒரு “ஒன்றுமில்லை” ஆகிவிடும். இரும்புச்சத்து மாத்திரை தின்றாள், டீயோடு சேர்த்துத் தின்னாதே என்று டாக்டர் சொன்னதைக் கேட்டாள், பூச்சி மாத்திரையும் போட்டாள். மூன்று மாதத்தில் ரத்தம் 10-க்கு மேல் ஏறியது. பகல் படபடப்பு நின்றது, மாடிப்படி ஏறினால் இரைப்பதில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்காருவது நிற்கவில்லை.

இங்கேதான் நம் தோழர்கள் சிலர் தடுமாறுகிறார்கள். ரத்தம் என்றால் நோய், பயம் என்றால் கோழைத்தனம் என்பது அவர்கள் நினைப்பு. ஒரு தோழர் என்னிடமே சொன்னார்: “போராட்டத்திலே இறங்கினா இந்தப் பயமெல்லாம் ஓடிரும்.” அப்படியானால் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போய் வந்தவர்களில் நடுராத்திரியில் வியர்த்து எழுந்தவர்கள் எவருமில்லையா? எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். பயமும் உடம்பில்தான் இருக்கிறது. ஆபத்து என்று மூளை மணியடித்தால், ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது. அட்ரினலின் என்ற சாறு ரத்தத்தில் பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. பாம்பைக் கண்டவனுக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால் மேஸ்திரி காலடிச் சத்தம் கேட்டாலே மணியடிக்கிற நிலையில் 26 மாதம் கிடந்தவளுக்கு, அந்த மணி தானாகவே அடிக்கப் பழகிவிடுகிறது. மேஸ்திரி நூறு மைலுக்கு அப்பால் இருந்தாலும் அடிக்கிறது. வாரத்துக்கொரு ஷிப்ட் மாறினால் உடம்பின் கடிகாரத்துக்கு எது ராத்திரி, எது பகல் என்றே பிடிபடுவதில்லை. தூக்கம் கெட்ட உடம்பில் அந்த மணி இன்னும் லேசாக அடிக்கிறது.

மனநல டாக்டர் அதற்குப் “பீதி நோய்” என்றார். வைத்தியம் உண்டு, பேச்சு வைத்தியமும் உண்டு, மாத்திரையும் உண்டு, குணமாகும் என்றார். தாய் அந்த வாசலில் நுழையவே தயங்கினாள். “பைத்தியக்கார ஆஸ்பத்திரின்னு ஊர் சொல்லும் தோழர். நாளைக்குப் பிள்ளையை எவன் கட்டுவான்?” கை முறிந்தவனைக் கட்டுப் போடுகிற இடத்துக்குக் கூட்டிப் போக வெட்கப்படுகிறோமா? டாக்டர் அவளிடம் அரைமணி நேரம் பேசினார். அப்போதுதான் இரண்டு சங்கதிகள் வெளியே வந்தன. ஒன்று, மேஸ்திரி கக்கூஸ் வாசலில் நின்றது மணி பார்ப்பதற்கு மட்டும் அல்ல. இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை, எழுதவேண்டாமென்று அவள் சொல்லியிருக்கிறாள். இரண்டு, மூன்று வருஷம் முடியாமல் வந்தால் மொத்தத் தொகை போய்விடும். அந்தத் தொகையை நம்பித் தாய் குழுக்கடன் வாங்கி வீட்டுக்கு ஓடு மாற்றியிருக்கிறாள். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை தவணை. மகளின் நெஞ்சு திங்கட்கிழமை ராத்திரிகளில்தான் அதிகம் அடித்துக்கொண்டது.

இதற்குப் பெயர் காரணம் தெரியாத படபடப்பா?

2000-களில் இந்த ஏற்பாட்டுக்குச் “சுமங்கலித் திட்டம்” என்று மங்களகரமான பெயர் வைத்திருந்தார்கள். 30,000, 50,000 என்று கல்யாணச் செலவுக்கு ஆசை காட்டி, 15, 16 வயதுப் பிள்ளைகளை மூன்று வருஷத்துக்கு அடைத்தார்கள். பெயர் நாறிப்போனதும் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். தவணை வாரியாகக் கொடுக்க வேண்டிய கூலியை முதலாளி தன் பெட்டியிலேயே பிடித்து வைத்துக்கொண்டு, கடைசியில் பரிசு கொடுப்பதுபோல நீட்டுகிறான். நடுவில் நோயில் விழுந்தால் அதையும் விழுங்குகிறான். சட்டம் வரதட்சிணையை 1961-லேயே தடை செய்துவிட்டது. அதைச் சேர்க்கப் பெண்ணே உடம்பை அடகு வைப்பதை எந்தச் சட்டம் தடுத்தது?

“ராத்திரி வேலையைப் பெண்கள்தானே கேட்டார்கள்?” என்று முதலாளித் தரப்புக் கனவான்கள் கேட்கிறார்கள். பழைய பாக்டரிச் சட்டத்தில் பெண்களுக்கு இரவு வேலைத் தடை இருந்தது, 2000-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது, உண்மை. பெண்ணுக்கு வேலை வாய்ப்பைப் பாலின பேதத்தால் மறுக்கக்கூடாது என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் தடையை நீக்கிய தீர்ப்பு, பாதுகாப்பு நிபந்தனைகளையும் சேர்த்தே விதித்தது. ஆலைகள் தடை நீங்கிய பக்கத்தை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டன. 2023 ஏப்ரல் 21-ல் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் மசோதா நிறைவேறியதையும் மறக்கமுடியுமா? எல்லாச் சங்கங்களும் கொதித்தெழுந்ததால் பத்து நாளில், மே தினத்தன்று, அதை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார்கள். காகிதத்தில் வாபஸ் ஆனது பல ஆலைகளில் கடிகாரத்தில் வாபஸ் ஆகவில்லை. 2025 நவம்பர் 21 முதல் பழைய பாக்டரிச் சட்டமே போய்ப் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணி என்ற வார்த்தை அதிலும் இருக்கிறது. அந்த வார்த்தையை ஆலை வாசலுக்குள் கொண்டுபோகச் சங்கம் வேண்டும்.

“பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும்தான் படபடப்பு வருகிறது, அதற்கும் முதலாளியா காரணம்?” என்று ஒரு வாத்தியார் நண்பர் மடக்கினார். வருகிறது. பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்கு வருகிறது, கம்ப்யூட்டர் கம்பெனியில் ராத்திரி உட்காருகிறவனுக்கு வருகிறது. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் பரம்பரைப் பணக்காரனுக்கும் நெஞ்சு ஓடும், கை நடுங்கும், உடம்பு இளைக்கும். பிறவியிலேயே இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு உள்ளவர்கள் உண்டு. சிறுவயதில் தொண்டைப்புண்ணும் மூட்டுக்காய்ச்சலும் வந்து வால்வு கெட்டவர்கள் உண்டு. நெருக்கடியான குடிசையில் வளர்கிற பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம், பென்சிலின் ஊசியில் தடுக்கக்கூடியது. ஆகையால் எல்லாவற்றுக்கும் மேஸ்திரிதான் காரணம் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதும் ஒரு கோடாங்கி வேலைதான். படபடப்போடு மயக்கம் போட்டு விழுந்தாலும், நெஞ்சுவலி வந்தாலும், குடும்பத்தில் இளம்வயதுச் சாவு உண்டென்றாலும் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. பணக்காரப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: அவனை டாக்டர் ஏழு கேள்வி கேட்கிறார், நம்மிடம் கேட்பது பேரும் வயதும்.

கேட்காவிட்டால் நாமே சொல்லவேண்டும். தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன வேலை, எத்தனை மணி, எந்த ஷிப்ட், எப்போது படபடப்பு, எவ்வளவு நேரம், என்ன மாத்திரை, எத்தனை டீ. ரத்தமும் தைராய்டும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், சர்க்கார் ஆஸ்பத்திரியில் இது உங்கள் உரிமை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணில் தமிழில் பேசலாம், காசில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள ஆலைத் தொழிலாளியின் கூலியில் 100-க்கு 75 காசு ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். அதற்குரிய தகுதி நாட்கள் இருந்தால் நோய்விடுப்புக்கு வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் உண்டு. நம் பெண்ணுக்கு இருபத்தாறு மாதமும் பிடித்திருக்கிறார்கள். கார்டு என்று ஒன்று உண்டென்பதே அவளுக்குத் தெரியாது. விடுதிக்கு வெளியே இருக்கிற டிஸ்பென்சரிக்கு வெளிவாசல் திறந்தால்தானே போவாள்?

தொழிலாளர் அலுவலரிடம் மனுக் கொடுத்திருக்கிறோம். 26 மாதத்துக்குப் பிடித்து வைத்த கூலி, ஓவர்டைம், நோய்விடுப்புப் பணம். ஆலைத் தரப்பு வக்கீல் இரண்டு முறை வாய்தா வாங்கினார். மூன்றாவது முறை “மனுதாரர் தன் சொந்த விருப்பத்தின் பேரிலும் மனநிலை சரியில்லாத காரணத்தாலும் வேலையை விட்டு நின்றுவிட்டார்” என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று ராத்திரி அவளுக்கு மறுபடி வந்தது. விடிந்ததும் தாயோடு சங்கத்துக்கு வந்து, “மாமா, அந்தத் தாளை எனக்கு ஒரு நகல் எடுத்துக் குடுங்க, டாக்டரம்மாகிட்டக் காட்டணும்” என்றாள்.

இப்போது அவளுக்கு நாடி எண்ணத் தெரியும். ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக் கொடுத்தது. போன மாதம், விடுமுறைக்கு வந்திருந்த ஆலைப் பெண்கள் பதினோரு பேரை அவளே சங்க அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பத்து நிமிஷம் பாயில் உட்காரவைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொருத்தி மணிக்கட்டையும் பிடித்து எண்ணினாள். பழைய மாநாட்டு நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதினாள். ஐந்து பேருக்கு 100-க்கு மேல். அந்த ஐந்து பேரும் வருகிற திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.